சாப்பிட்ட பிறகு சொல்கிறவள்

அன்று வேனில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன்.

முன்னால் டிரைவர் தங்கராசு. அவன் பக்கத்தில் அக்கா. அக்கா மடியில் மூடி போட்ட எவர்சில்வர் தூக்கு.

பின்னால் மல்லிகா. எங்களில் அவளுக்குத்தான் வாய் அதிகம். மல்லிகாவை இடித்துக்கொண்டு அவள் நாத்தனார் கலா. எதிரே காசியம்மா, காது கொஞ்சம் மந்தம். ஜன்னல் ஓரம் ராணி, எங்களில் சின்னவள். கடைசியில் அரிசிப் பைக்கும் சட்டி பானைக்கும் நடுவில் நான், சின்னப்பொண்ணு.

ஏழு பேர்.

என் தம்பி அன்று விடியற்காலையில் இறந்துபோயிருந்தான். வேனில் அது இரண்டு பேருக்குத் தெரியும். அக்காவுக்கும் டிரைவருக்கும். எனக்குத் தெரியாது. கலா என்னவோ சொன்னாள், நான் சிரித்துக்கொண்டு வந்தேன்.

அக்கா எனக்கு உறவில்லை. நடவுக்கு ஆள் சேர்த்துக் கூட்டிப் போகிறவள். அவள் பேரைச் சொல்லி நாங்கள் யாரும் கூப்பிட்டதில்லை. நிலத்துக்காரர்களும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், அவளைவிட வயதானவர்கள்கூட.

போனை ஒரு பாலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் செருகியிருப்பாள். சேற்றில் முழங்கால் வரை நின்றாலும் அது நனையாது. விடியற்காலை மூன்றே முக்காலுக்கு எழுந்து ஒவ்வொருவருக்கும் அடிப்பாள். எடுக்கக் கூடாது. ஒரு மிஸ்டு கால் என்றால் எழுந்திரு, வேலை இருக்கிறது. இரண்டு மிஸ்டு கால் என்றால் இன்றைக்கு இல்லை, படுத்துத் தூங்கு. ஒரு நாளும் ஐந்து நிமிடம் முன்பின் ஆனதில்லை. வலங்கைமான் பக்கம் நாலைந்து ஊரில் அவள் போனுக்குத்தான் அடுப்பு பற்றும்.

மூன்றாவது மிஸ்டு கால் கிடையாது. கெட்ட சேதியை அக்கா போனில் சொல்ல மாட்டாள். நேரில் சொல்வாள். அதையும் சாப்பிட்ட பிறகுதான் சொல்வாள்.

ஒரு நாள் காசியம்மாவின் பசு பாம்பு கடித்துச் செத்தது. காலை எட்டு மணிக்கே அக்காவுக்கு போன் வந்துவிட்டது. நாங்கள் நாற்று பறித்துக்கொண்டிருந்தோம். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. மத்தியானம் வரப்பில் உட்கார்ந்து சாப்பிட்டோம். காசியம்மாவுக்கு அவளே ஊறுகாய் எடுத்து வைத்தாள். கை கழுவிய பிறகு பக்கத்தில் போய்க் காதில் சத்தமாகச் சொன்னாள்.

"அடிப்பாவி," என்றாள் காசியம்மா. "மாடு செத்தது தெரிஞ்சுதான் எனக்கு ஊறுகா வச்சியா?"

"ஆமா."

"காலையிலயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!"

"சொல்லியிருந்தா மாடு எந்திரிச்சிருக்குமா? உன் சோறுதான் வாய்க்கால்ல போயிருக்கும்."

காசியம்மா அழுதுகொண்டே வீட்டுக்கு நடந்தாள். பாதி வழியில் திரும்பி வந்து தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

ராணிக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதையும் அக்காவிடம்தான் சொன்னார்கள், எல்லாரிடமும் அவள் நம்பர்தானே இருந்தது. அன்று சாயங்காலம் அக்கா ராணியைக் கடைக்குக் கூட்டிப்போய் இரண்டு புரோட்டா வாங்கிக் கொடுத்தாள். மூன்றாவது புரோட்டாவும் சொன்னாள். அதையும் தின்று முடித்த பிறகு சொன்னாள். ராணி அங்கேயே வாந்தி எடுத்தாள்.

அதிலிருந்து எங்களுக்குப் பயம் வந்துவிட்டது. அக்கா வடை நீட்டினால் முதலில் அவள் முகத்தைப் பார்ப்போம். மல்லிகா கேட்டுவிட்டுத்தான் வாங்குவாள்.

"யாருக்குக்கா இன்னிக்கு?"

"யாருக்கும் இல்லடி. தின்னு."

"சத்தியமா?"

"வடை சத்தியமா."

அப்புறம்தான் கடிப்பாள்.

ஏன் இப்படி என்று நான் ஒரு தடவை கேட்டேன். "சேதி எங்கயும் ஓடிடாது. சோறுதான் ஆறிடும்" என்றாள்.

எனக்கு ஒன்று தெரியும். என் அம்மா இறந்த சேதியை ஒருத்தர் வரப்பில் சைக்கிளை நிறுத்திக் கத்திச் சொல்லிவிட்டுப் போனார். கையில் நாற்று முடிச்சோடு நின்றேன். அப்புறம் மூன்று நாள் பச்சைத் தண்ணீர் தவிர ஒன்றும் இறங்கவில்லை. நாலாம் நாள் அடுப்படியில் விழுந்துவிட்டேன். அக்காதான் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அதற்குப் பிறகுதான் அவள் இப்படி ஆனாளா, முன்பே அப்படித்தானா, எனக்கு நினைவில்லை.

அந்த வருடம் சம்பா நடவு ஐப்பசி பிறந்து நாலு நாள் வரைக்கும் இழுத்துவிட்டது. இருபத்தாறு நாள் குனிந்த முதுகு நிமிரவில்லை. கடைசி வாரம் நான் வயலில் மயங்கி விழுந்தேன். முகத்தில் சேறு. அக்கா துடைத்துவிட்டாள். "நடவு முடியட்டும், ஒரு நாள் எங்கயாவது போவோம். யாரும் யாருக்கும் சமைக்க வேணாம்" என்றாள். குத்தாலம் பக்கம் காவிரிக் கரையில் ஒரு தென்னந்தோப்பு. அந்தத் தோப்புக்காரர் சென்னையில் வாத்தியார். அவர் வயலுக்கு நாங்கள்தான் நடவு. கேட்டவுடன் சரி என்றுவிட்டார்.

கிளம்ப வேண்டிய அன்று விடியற்காலையில்தான் தம்பி பெண்டாட்டி அக்காவுக்கு அடித்திருக்கிறாள். என் போன் ராத்திரியே சார்ஜ் இல்லாமல் அணைந்து கிடந்தது. வீட்டில் நான் மட்டும்தான், எழுப்பிச் சொல்லவும் ஆள் இல்லை. தம்பிக்கு நெஞ்சு வலி. ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது.

"எத்தனை மணிக்குத் தூக்குறீங்க?" என்று அக்கா கேட்டிருக்கிறாள்.

"மூணு மணிக்கு. அண்ணிகிட்ட சொல்லிடுங்கக்கா."

"நான் கூட்டிட்டு வரேன். அதுக்குள்ள அங்க இருப்போம்."

இதெல்லாம் பிறகு தெரிந்தது.

வேன் கிளம்பும்போது அக்கா தூக்கைத் திறந்து நீட்டினாள்.

"எல்லாரும் போனைப் போடுங்க. வாட்ச்சையும் கழட்டுங்க. இன்னிக்கு மணியும் கிடையாது, போனும் கிடையாது."

"என்னக்கா இது, பரீட்சை ஹாலா?" என்றாள் மல்லிகா.

"லீவுன்னா லீவு. எம் போனு முதல்ல." பாலித்தீன் பையைப் பிரித்து அணைத்து உள்ளே போட்டாள். அவள் போன் இல்லாமல் இருந்து நாங்கள் பார்த்ததே இல்லை. அதைப் பார்த்துத்தான் எல்லாரும் போட்டோம்.

கலா மட்டும் கையை இழுத்துக்கொண்டாள். "இது வேணாம்க்கா. மகன் சிங்கப்பூர்ல இருந்து அனுப்பின வாட்சு."

"தூக்குக்குள்ள இருந்தாலும் அது சிங்கப்பூர் வாட்சுதான். கழட்டு."

"எம் போன எதுக்குடி வாங்குற?" என்றாள் காசியம்மா. "அடிச்சாலும் எனக்குக் கேக்காது."

"கேக்குறவங்க நாங்க இருக்கோமே அத்த," என்றாள் ராணி. அவள்தான் கடைசியில் போட்டாள். குழந்தையைக் கிணற்றில் போடுவது மாதிரி போட்டாள்.

அக்கா ஒவ்வொன்றாக அணைத்தாள். மூடியை அழுத்தினாள்.

வழியில் ஒரு கடையில் எல்லாருக்கும் இட்லி வாங்கினாள். எனக்கு மட்டும் ஒரு வடை கூட. மல்லிகா பார்த்துவிட்டாள்.

"ஐயய்யோ, சின்னப்பொண்ணுக்கு வடை! யாருக்குக்கா சேதி?"

எல்லாரும் சிரித்தோம். நானும்தான். அக்கா, "போன வாரம் மயங்கி விழுந்தவளுக்கு ஒரு வடை கூடக் கொடுக்கக் கூடாதாடி?" என்றாள். வடை சத்தியமா என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. டிரைவர் தங்கராசு சிரிக்கவில்லை. டீயைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதுவும் பிறகு நினைத்துப் பார்த்ததுதான்.

தோப்பில் எங்களை இறக்கிவிட்டு அவனை அனுப்பிவிட்டாள்.

"நான் போன் அடிச்சா வா. அடிக்காம வராத."

"சரிக்கா," என்றான். என்னைப் பார்த்தான். வேனைத் திருப்பினான்.

காவிரி நிறைய ஓடியது. கலங்கல் தண்ணீர். ஆனாலும் இறங்கினோம். ஷாம்பு பாக்கெட்டைப் பல்லால் கிழித்து ஆளுக்கு ஒன்று. மல்லிகா நைட்டியில் காற்றை அடைத்துக்கொண்டு மிதந்தாள். "பரிசல் போவுது, ஏறிக்கிறவங்க ஏறிக்கலாம்" என்றாள். கலா நிஜமாகவே ஏறி இருவரும் முழுகி எழுந்தார்கள். காசியம்மா படியில் உட்கார்ந்து காலை மட்டும் நனைத்தாள்.

"மணி என்ன இருக்கும்?" என்று ராணி கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"பத்து."

"பன்னெண்டு இருக்கும்டி. பசிக்குதே."

"உனக்கு ஏழு மணிக்கே பசிக்கும்."

வானம் மூடியிருந்தது. நிழலே விழவில்லை. தென்னை மரத்தைப் பார்த்து மணி சொல்லிவிடுவேன் என்ற காசியம்மா அண்ணாந்து பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டாள்.

எனக்கு அது பிடித்திருந்தது. அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. யாரும் கூப்பிடவில்லை. எதற்கும் நேரமாகவில்லை. தண்ணீரில் கழுத்து வரை நின்றேன். வருடக்கணக்கில் அப்படி ஒரு நாள் இருந்ததில்லை. வலங்கைமானுக்கு அந்தப் பக்கம் என் தம்பியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள்.

கெளுத்தி மீன் குழம்பு. அக்கா யாரையும் கிட்ட விடவில்லை. அவளே ஆக்கினாள், அவளே பரிமாறினாள். என் இலைக்குத் திரும்பத் திரும்ப வந்தாள்.

"போதும்க்கா."

"தின்னு."

"வயிறு முட்டுதுக்கா."

"இன்னும் ஒரு கரண்டி. இப்பத் தின்னுடு."

தின்றேன். நன்றாக இருந்தது. தின்றுகொண்டே சொன்னேன்.

"திங்கக்கிழமை தம்பி வீட்டுக்குப் போலாம்னு இருக்கேன்க்கா."

மனைக்கட்டு விஷயத்தில் தம்பிக்கும் எனக்கும் இரண்டு வருடம் பேச்சு இல்லை. அது எல்லாருக்கும் தெரியும்.

அக்கா கரண்டியோடு நின்றாள்.

"போன வாரம் கூப்பிட்டான்," என்றேன். "நாத்து முடிச்சு கையில. எடுக்கல. அப்புறம் நானும் கூப்பிடல. அவனாத்தான் முதல்ல அடிச்சிருக்கான், போவணும்ல. இடுப்புல தூக்கி வளத்தது நான்தானே."

"ஆமா," என்றாள் அக்கா. கரண்டியில் இருந்ததை என் இலையில் போட்டாள். அவள் அன்று சாப்பிடவில்லை. எப்போதும் கடைசியில் சாப்பிடுகிறவள் என்பதால் யாரும் கவனிக்கவில்லை.

இலையை எடுத்துப் போட்டுவிட்டு வந்தேன். அக்கா மோட்டார் கொட்டகை ஓரத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தாள்.

"சின்னப்பொண்ணு, இங்க வா."

போய் உட்கார்ந்தேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. கொஞ்ச நேரம் கண்ண மூடு. நான் எழுப்புறேன்."

படுத்தேன். தூங்கிவிட்டேன்.

அந்த நாளுக்குப் பிறகும் நீ அவளோடு நடவுக்குப் போனாயா என்று கேட்கிறார்கள். போனேன். திட்டவில்லையா என்றால், இல்லை. என்ன சொல்லித் திட்டுவது? என் வயிறு நிறைந்திருந்தது. காரியம் முடிகிற வரைக்கும் நான் விழவில்லை. அம்மா செத்தபோது விழுந்த மாதிரி விழவே இல்லை. அக்கா நினைத்தது நடந்தது. அதற்கு அவளைக் கையெடுத்துக் கும்பிடுவதா, முகத்தில் அறைவதா, இன்றுவரை எனக்குப் புரியவில்லை. பக்கத்துப் பக்கத்தில் நின்று நாற்று பறிப்போம். அவள் கட்டிய முடிச்சை நான் எடுத்து நடுவேன்.

அவள்தான் மாறிவிட்டாள். போனை மல்லிகாவிடம் கொடுத்துவிட்டாள். விடியற்காலை மிஸ்டு கால் மல்லிகாதான். வீட்டில் விடிய விடிய முழித்திருப்பாளாம். அப்புறம் ஒரு தையில் மகளோடு திருப்பூருக்குப் போய்விட்டாள். சொல்லிக்கொண்டு போகவில்லை.

அன்று தோப்பில் நானாகத்தான் விழித்தேன். யாரும் எழுப்பவில்லை. வானம் அப்படியே இருந்தது. தூரத்தில் மூன்று பேர் தாயம் ஆடிக்கொண்டிருந்தார்கள். கலா நெடுகப் படுத்திருந்தாள். அக்கா என் தலைமாட்டில், படுக்கும்போது எப்படி இருந்தாளோ அப்படியே உட்கார்ந்திருந்தாள். தூக்கு மடியில். இரண்டு கையும் மூடிமேல்.

"நல்லாத் தூங்கிட்டேன்க்கா."

"ஆமா."

"என்னக்கா?"

"உன் தம்பி போயிட்டான்டி."

எங்கே என்று கேட்டேன். நிஜமாகவே அப்படித்தான் கேட்டேன்.

அக்கா சொன்னாள். நெஞ்சு வலி. விடியற்காலை. மூன்று மணிக்குத் தூக்குகிறார்கள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"வேன்ல ஏறுறதுக்கு முன்னாடி."

தாயக்கட்டை உருளும் சத்தம் கேட்டது. அக்கா மூடியைத் திறந்தாள். மூடி இறுகியிருந்தது, இரண்டு தடவை நழுவியது. தன் போனை எடுத்து உயிர் கொடுத்தாள். வெளிச்சம் வந்ததும் அதைப் பார்த்தாள். வாய் திறந்தபடி நின்றுவிட்டது. அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பயந்த பிள்ளை மாதிரி இருந்தாள்.

அதற்குள் போன் அடிக்க ஆரம்பித்துவிட்டது. டிரைவர்.

வேன் தோப்புக்குள் வரும்போதே கத்திக்கொண்டு வந்தான்.

"எத்தனை தடவ அடிச்சேன்! சாப்பிட்ட கையோட கூப்பிடுறேன்னீங்களேக்கா! பஸ் ஸ்டாண்டுல வேனை விட்டு எறங்கல நான். அடிக்காம வராதன்னு வேற சொன்னீங்க!"

அக்கா வேன் கதவைத் திறந்தாள். ஏறினோம். சட்டி பானை அங்கேயே கிடந்தது. மல்லிகா ஈர நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு ஏறினாள். அவள் வாயில் ஒரு வார்த்தை வரவில்லை. காசியம்மாவுக்குக் காதில் சொல்ல வேண்டியிருந்தது. ராணிதான் சொன்னாள், அழுதுகொண்டே.

கும்பகோணம் தாண்டியது. அப்புறம் கேட்டேன்.

"சாப்பிட்டேன்ல. அப்பவே ஏன் சொல்லல?"

"சொல்லத்தான் கூப்பிட்டேன்." அக்கா முன்னால் திரும்பியபடியே பேசினாள். "தம்பி வீட்டுக்குப் போவணும்னு சொன்னியா... வாய் வரல. கொஞ்சம் படுக்கட்டும்னு விட்டேன். நீ தூங்கி நான் பாத்ததே இல்லடி. வாயத் திறந்துகிட்டுத் தூங்குன. இதோ எழுப்பிடலாம், இதோ எழுப்பிடலாம்னு இருந்தேன். வானம் மப்பா இருந்துச்சு. மத்தியானம் அப்படியே நின்ன மாதிரி இருந்துச்சு."

"தூக்கைத் திறந்து பாத்திருக்கலாம்ல."

"திறந்தா மணி தெரியும்."

"தெரியட்டுமே!"

"தெரிஞ்சா உன்னை எழுப்பணும்."

டிரைவர் தங்கராசு வண்டியை அழுத்தினான்.

தம்பி வீட்டு வாசலில் பந்தல் இருந்தது. நாற்காலிகள் இருந்தன. பெஞ்சு காலியாக இருந்தது. வாசலில் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார்கள். தம்பி பெண்டாட்டி என்னைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அண்ணி... ஒரு மணி நேரம் நிறுத்தி வச்சோம் அண்ணி. வாய்க்கரிசி போட எல்லாரும் வந்தாச்சு, அவங்க அக்கா வரலன்னு சொல்லிச் சொல்லி நிறுத்தி வச்சோம். அந்த அக்கா போனும் போவல. மழை வர மாதிரி இருக்குன்னு தூக்கிட்டாங்க. இப்பத்தான் அண்ணி. இப்பத்தான்."

பெஞ்சுக்குக் கீழே தட்டில் மிச்ச அரிசி இருந்தது. ஒரு பிடி அள்ளினேன்.

எங்கள் பக்கம் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. நான் போனேன். வாய்க்கால் கரையில் ஓடினேன். குளித்துவிட்டுத் திரும்பி வந்த இரண்டு பேர் குறுக்கே நின்றார்கள். "பொம்பளைங்க வரக்கூடாதும்மா, சொன்னா கேளுங்க" என்றார்கள். ஒருவர் என் கையைப் பிடித்தார். மூடியிருந்த கையைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

விறாட்டி அடுக்கி, வைக்கோல் போட்டு, மேலே சேறு பூசி மூடியிருந்தார்கள். முகம் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியவில்லை. எல்லாம் ஒரே மாதிரி வழித்துப் பூசியிருந்தது. நாங்கள் வயலில் வரப்புக்கு அணைப்போமே, அந்த மாதிரிச் சேறு. இன்னும் காயவில்லை. விரல் தடம் தெரிந்தது. ஓட்டை வழியாகப் புகை வந்துகொண்டிருந்தது.

அரிசி கையில் இருந்தது. போட இடம் இல்லை.

சேறு பூசியவர் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். "யாரும்மா?" என்றார்.

"அக்கா," என்றேன்.

அவர் தள்ளி நின்றுகொண்டார்.

பின்னால் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. அக்கா வந்திருந்தாள். செருப்பு இல்லை. என்னைத் தொடவில்லை. சேற்றைப் பார்த்தாள், புகையைப் பார்த்தாள். பிறகு அவரிடம் கேட்டாள்.

"மணி என்னங்க ஆவுது?"

அவர் ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, மடிப்பிலிருந்து போனை எடுத்துப் பார்த்தார்.

"நாலு நாப்பது."